காலித் திடல் யார் கணக்கில் காலி?

சிங்கப்பூரின் ரேஸ் கோர்ஸ் ரோட்டில் குதிரை ஓடி 90 ஆண்டுக்கு மேலாகிறது. பெயர் மட்டும் நின்றுவிட்டது. மீன்தலைக் கறி சாப்பிட அங்கே வருகிறவர்கள், சாப்பிட்டு முடித்துச் சற்று உள்ளே நடந்தால் ஒரு பெரிய வெட்டவெளிக்கு வந்து சேர்வார்கள். இன்று அதன் பெரும்பகுதி கட்டுமான வேலிக்குள். ஃபேரர் பார்க் திடல் என்று தேக்காவாசிகள், அதாவது லிட்டில் இந்தியா வட்டாரத்தார், அழைத்துவந்த இடம் அது.

‘சும்மா கிடக்கிற விளையாட்டுத் திடலை என்ன செய்யலாம்?’ என்ற கேள்வி சிங்கப்பூரில் ஏதாவது ஒரு நகரில் எப்போதும் எழுந்துகொண்டே இருக்கிறது. 735 சதுர கிலோமீட்டருக்குள் சுமார் 60 லட்சம் பேர் வாழும் ஊரில், காற்று மட்டும் வீசும் புல்வெளியைப் பார்த்தால் திட்டமிடுவோருக்குக் கை அரிக்கும், அது இயல்புதான். ஆனால் ‘சும்மா கிடக்கிறது’ என்று முடிவு செய்கிறவர் யார், எந்த நேரத்தில் வந்து பார்த்தார், எதை எண்ணினார் என்பதைப் பொறுத்து விடை தலைகீழாக மாறும். ஃபேரர் பார்க் கதையை அதற்காகவே சற்று விரிவாகச் சொல்கிறேன்.

குதிரைப் பந்தயச் சங்கம் 1842இல் தொடங்கியது. அதன் பந்தயத் திடல்தான் இது. 1911இல் ஜோசஃப் கிறிஸ்தியான்ஸ் என்ற பெல்ஜியக்காரர் சிங்கப்பூரின் முதல் விமானத்தை இங்கேதான் பறக்கவிட்டுக் காட்டினார். இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் பறந்துகொண்டிருந்த ராஸ் ஸ்மித் 1919 டிசம்பர் 4ஆம் தேதி தன் விமானத்தை இறக்கியதும் இதே புல்மேல்தான். பந்தயம் 1933இல் புக்கிட் தீமாவுக்குப் போனபின், நகராட்சித் தலைவராக இருந்த ரோலண்ட் ஃபேரரின் பெயரோடு இது விளையாட்டுத் திடலானது. பிறகு 1942 பிப்ரவரி 17. பிரிட்டிஷ் படையில் இருந்த பல்லாயிரக்கணக்கான இந்தியச் சிப்பாய்களை ஜப்பானியர்கள் இங்கே திரட்டினார்கள். ஜப்பானியத் தரப்பில் மேஜர் ஃபுஜிவாராவும் இந்தியத் தரப்பில் கேப்டன் மோகன் சிங்கும் பேசினார்கள். இந்திய தேசிய ராணுவத்தின் விதை விழுந்தது. போருக்குப் பின் 1950களில் அரசியல் கூட்டங்கள். ஒரே திடல் ஓடுதளமாகவும் வானூர்தித் தளமாகவும் சரணாகதி மைதானமாகவும் மேடையாகவும் இருந்திருக்கிறது. அங்கே கட்டடம் எழும்பாமல் இருந்ததால்தான் இத்தனையும் முடிந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

1957இல் நீச்சல் குளம் திறந்தது. மவுண்ட் எமிலி, யான் கிட் ஆகியவற்றுக்குப் பிறகு நாட்டின் மூன்றாவது பொது நீச்சல் குளம். பக்கத்தில் தடகளம், குத்துச்சண்டைக் கூடம், காற்பந்துத் திடல்கள். 1960களில் தீவின் விளையாட்டு உயிர்நாடியாக இந்த வட்டாரம் இருந்தது என்று மூத்தவர்கள் சொல்வதில் மிகையில்லை. சி. குணாளன் மெக்சிகோ ஒலிம்பிக்கில் 100 மீட்டரை 10.38 விநாடியில் ஓடியது 1968இல். அந்தச் சாதனை 33 ஆண்டு நின்றது, 2001இல் யூ.கே. ஷியாம் 10.37 ஓடித்தான் அதை ஒரு நூலிழையில் முறியடித்தார். அந்தத் தலைமுறைக்குப் பயிற்சித் திடல் என்றால், குளிரூட்டிய கூடங்களும் செயலி முன்பதிவுகளும் இல்லாத, செருப்பைக் கழற்றிவிட்டு நேராக இறங்கக்கூடிய புல்.

அதன்பின் ஓட்டம் மெல்ல அடங்கியது. 1973இல் காலாங்கில் தேசிய விளையாட்டரங்கம் வந்தது. பெரிய போட்டிகள் அங்கே போயின. வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) புதுநகர்களைக் கட்டக் கட்ட, ஒவ்வொரு நகருக்கும் ஒரு விளையாட்டு வளாகம் என்ற கொள்கையும் கூடவே வளர்ந்தது. தோ பாயோவில் நீச்சல் குளமும் விளையாட்டரங்கமும் 1970களின் தொடக்கத்திலேயே வந்துவிட்டன. மக்கள் ஃபேரர் பார்க்கைவிட்டு ஓடிப்போகவில்லை. அவர்களுடைய வீடு நகர்ந்தது, விளையாட்டும் வீட்டோடு நகர்ந்தது. 2003ஆம் ஆண்டைப் பாருங்கள்: வடகிழக்கு ரயில் பாதை திறந்து ஃபேரர் பார்க்கில் எம்ஆர்டி நிலையம் வந்த அதே ஆண்டில் நீச்சல் குளம் மூடப்பட்டது. ஆளைக் கொண்டுவந்து சேர்க்கும் ரயில் வாசலில் நிற்கும்போது குளத்தில் தண்ணீர் இல்லை.

இதில் இன்னொரு முடிச்சு உண்டு, அதிகம் பேர் கவனிக்காதது. நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் 1998 பெருந்திட்டத்திலேயே அந்த நிலம் குடியிருப்புக்கென்று குறிக்கப்பட்டுவிட்டது. வரைபடத்தில் ஒரு நிறம் மாறியதும், நாளைக்கு வீடு கட்டப்போகும் இடத்தில் இன்றைக்குப் புது விளக்குக் கம்பம் நட யாருக்கு மனம் வரும்? குளத்தைப் பெரிதாகப் பழுதுபார்க்க யார் கையெழுத்துப் போடுவார்கள்? ஆகவே இடம் மெல்ல மங்குகிறது. மங்கியதும் கூட்டம் குறைகிறது. குறைந்ததும் ‘பயன்பாடு குறைவு’ என்று எழுதலாம். யாரும் சதி செய்யத் தேவையில்லை. வரைபடமும் பராமரிப்புச் செலவும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டாலே போதும்.

திடல் ஏன் காலியாகிறது என்று கேட்டால், ‘இளைஞர்கள் கைப்பேசியில் கிடக்கிறார்கள்’ என்று எளிதாகச் சொல்லிவிடுவோம். கைப்பேசிக்கு முன்னால் சூரியனைக் கவனிக்க வேண்டும். சிங்கப்பூரில் பொழுது விடிவதும் சாய்வதும் ஏறக்குறைய ஏழு மணிக்கு. ஆண்டு முழுவதும் அரை மணிக்கு மேல் முன்பின் ஆகாது. நாம் இருக்கும் தீர்க்கரேகைக்கு உரிய நேரத்தைவிடக் கடிகாரத்தை முன்தள்ளி வைத்திருப்பதால் வந்த வினை இது. பள்ளி ஏழரைக்கே தொடங்கிவிடும். அலுவலகம் முடிந்து வீடு வரும்போது இருட்டிவிடும். இடையில் உள்ள பத்து மணி நேரமும் வெயில். விளக்கில்லாத திடலுக்கு வேலை நாளில் காலையில் ஒரு மணி, மாலையில் ஒரு மணி, அவ்வளவுதான் ஆயுள். மதியம் இரண்டு மணிக்குப் போய்ப் பார்த்தால் எந்தத் திடலும் காலிதான், நகர மையத்தின் பாடாங் திடலும் காலிதான்.

அடுத்தது மழை. ஆண்டுக்கு 2,100 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. ஏறக்குறைய பாதி நாள்களில் எங்காவது இடி இடிக்கிறது. மின்னல் எச்சரிக்கை வந்தால் ஆட்டத்தை நிறுத்திவிட்டு ஒதுங்க வேண்டும். ஒதுங்கக் கூரை இல்லையென்றால் ஆட்டம் நின்றதோடு ஆளும் வீட்டுக்குப் போய்விடுவார், அன்றைக்குத் திரும்பி வரமாட்டார். மழை விட்ட பிறகும் தண்ணீர் வடியாத திடல் இன்னும் ஒரு நாள் வீண். சிங்கப்பூர்த் திடல்களில் வளரும் அகல இலைப் புல் முரட்டுப் புல்தான், ஆனாலும் ஈரத்தில் நூறு காலணிகள் ஓடினால் சேறாகிவிடும். அதனால் கதவைப் பூட்டிப் புல்லுக்கு ஓய்வு கொடுப்பார்கள். நம் ஊர்ப் பக்கத்துக் குடியானவர்களுக்கு இது புரியும்: தரிசு வேறு, ஆறப்போட்ட நிலம் வேறு. வேலிக்கு வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும்.

செயற்கைப் புல் போட்டால் இந்தத் தலைவலி தீரும். ஜாலான் புசார் விளையாட்டரங்கத்தில் அப்படித்தான் செய்தார்கள். காலை முதல் இரவு வரை ஆட்டம் மாறி ஆட்டம் நடத்தலாம், மழை விட்ட அரை மணியில் இறங்கலாம். ஆனால் நண்பகலில் அதன் மேல் வெறுங்கால் வைக்க முடியாது. உண்மைப் புல்லைவிட அது மிகவும் சூடேறும். குழந்தை உருண்டு விளையாடவும், பாட்டி செருப்பில்லாமல் நடக்கவும் அது ஏற்றதில்லை. ஆட்டக்காரர்களுக்கு வரம், மற்றவர்களுக்கு வெறும் பச்சைக் கம்பளம். எவ்வளவு பரப்பு செயற்கை, எவ்வளவு மண்ணும் மரமும் என்பது பொறியாளரின் முடிவு போலத் தோன்றும். உண்மையில் அந்தத் திடல் யாருக்கு என்ற முடிவு அதிலேயே அடங்கிவிடுகிறது.

மூன்றாவது தடையைச் சொல்ல ஆண்கள் கொஞ்சம் கூச்சப்படுவார்கள். கழிப்பறை. காற்பந்து ஆடும் பையனுக்கு அது ஒரு பொருட்டில்லை. அறுபது வயதைத் தாண்டிய, நீரிழிவு மாத்திரை எடுக்கும் ஒரு பெண்மணிக்கு அதுதான் முதல் கேள்வி. நடைக்கு எங்கே போகலாம் என்று அவர் மனத்தில் வரையும் வரைபடம் கழிப்பறையைச் சுற்றித்தான் சுழல்கிறது. அதற்கடுத்து உட்கார ஓர் இடம், நிழல், சேலையோடோ பஞ்சாபி உடையோடோ போனால் வினோதமாகப் பார்க்காத சூழல். எட்டுத் தடக் கோடு போட்ட சிவப்பு ஓடுபாதையைப் பார்த்ததும், ‘இது நமக்கில்லை’ என்று திரும்பிப் போகும் அம்மாக்களை நான் பார்த்திருக்கிறேன். இலவசம் என்று பலகை வைத்தாலும் திரும்பிப் போவார்கள்.

அந்த அம்மாக்களை ஏன் இவ்வளவு பொருட்படுத்த வேண்டும்? 2010 தேசிய சுகாதார ஆய்வில், 18 முதல் 69 வயதுக்குள் நீரிழிவு உள்ளவர்கள் நாடு முழுவதும் 11.3 விழுக்காடு. இந்தியர்களிடையே 17.2 விழுக்காடு. சீனர்களிடையே 9.7. சர்க்கரைக்கு எதிராகப் போர் என்று அரசாங்கம் 2016இல் அறிவித்தபோது, தேக்காவில் பாதிப் பேர் ஏற்கெனவே போர்க்களத்தில் இருந்தார்கள் என்று ஒரு நண்பர் கசப்போடு வேடிக்கையாகச் சொன்னார். பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு செய்ய வேண்டும் என்பது தேசியப் பரிந்துரை. வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வலு சேர்க்கும் பயிற்சியும் வேண்டும். மூத்தவர்களுக்கு விழாமல் நிற்கும் சமநிலைப் பயிற்சியும் சேர்ந்துகொள்கிறது. 150 நிமிடத்தை ஐந்து நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு அரை மணி. வீட்டிலிருந்து பத்து நிமிடத்தில் போய்விடும் இடம் என்றால், போகவர இருபது நிமிட நடையே பாதிக்கு மேல் கணக்கைத் தீர்த்துவிடும். பேருந்து ஏறிப் போக வேண்டிய பெரிய வளாகத்தில் அந்தக் கணக்கு நடக்காது. சிறு திடலின் மருத்துவ மதிப்பு அதன் அருகாமையில் இருக்கிறது.

2023 ஜூலையில் தொடங்கிய ஹெல்தியர் எஸ்ஜி திட்டத்தில், 40 வயதுக்கு மேற்பட்டவர்கள் ஒரு குடும்ப மருத்துவரிடம் பதிவு செய்துகொள்கிறார்கள்; மருத்துவர் மாத்திரையோடு நடை, உணவு, தூக்கம் பற்றியும் ஒரு திட்டம் எழுதித் தரலாம். நல்ல ஏற்பாடு. ஆனால் ‘தினமும் நடங்கள்’ என்று எழுதிய சீட்டை எந்த மருந்தகத்தில் கொடுத்து வாங்குவது? 2030க்குள் குடிமக்களில் நால்வரில் ஒருவர் 65 வயதைத் தாண்டிவிடுவார். சீட்டு எழுதுவதும் திடல் அமைப்பதும் வேறுவேறு அமைச்சின் வேலையாக இனி இருக்க முடியாது என்ற புரிதல் கடந்த பத்தாண்டுகளில்தான் கட்டடமாக உருவெடுத்திருக்கிறது.

அதற்கு எல்லாரும் காட்டும் உதாரணம் தெம்பனிஸ். அங்கே ஒரு விளையாட்டரங்கமும் விளையாட்டுக் கூடமும் இருந்தன. அவற்றை இடித்து, 5.7 ஹெக்டரில், ஏறத்தாழ 50 கோடி வெள்ளிச் செலவில் ‘அவர் தெம்பனிஸ் ஹப்’ எழுந்தது. 2017 ஆகஸ்டில் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் அதிகாரபூர்வமாகத் திறந்துவைத்தார். 15,000க்கும் அதிகமான குடியிருப்பாளர்களிடம் முன்கூட்டியே கருத்துக் கேட்டார்கள். நடுவில் காற்பந்துத் திடல், சுற்றிலும் நூலகம், ஆறு நீச்சல் குளங்கள், உணவங்காடி நிலையம், அரசாங்கச் சேவை நிலையம், மேலே கூரையில் மெதுவோட்டப் பாதை.

இந்த அமைப்பின் சூட்சுமம் எங்கே இருக்கிறது? ஆடு மேய்த்த மாதிரியும் ஆச்சு, அண்ணனுக்குப் பெண் பார்த்த மாதிரியும் ஆச்சு என்பார்களே, அதில்தான். விளையாட்டரங்கத்துக்கு விளையாட்டுக்காக மட்டும் வருபவர்கள் எப்போதும் சிறுபான்மை. ஏதோ ஒரு விண்ணப்பம் கொடுக்க வந்தவர், பேத்தியை நூலகத்துக்குக் கூட்டிவந்த தாத்தா, இரவு பத்து மணிக்கு மீ கோரிங் வாங்க வந்தவர், இவர்கள் எல்லாரும் திடலைக் கடந்துதான் போக வேண்டும். மாடியிலிருந்து எட்டிப் பார்த்தால் கீழே யாரோ ஓடிக்கொண்டிருக்கிறார்கள். உடற்பயிற்சி என்பது ‘அந்த மாதிரி ஆட்கள்’ செய்யும் காரியம் என்ற எண்ணம், பார்க்கப் பார்க்கக் கரைகிறது. பழைய நகர விளையாட்டரங்கங்கள் இதற்கு நேர்மாறு: சுற்றுச்சுவர், ஒரே வாசல், போட்டி நாளில் மட்டும் உயிர். கொலோசியத்தின் குட்டிப் பிரதிகள்.

செம்பவாங்கில் புக்கிட் கான்பரா இதையே ஒரு குன்றின் மேல் செய்திருக்கிறது. 12 ஹெக்டர் பரப்பில், பழைய அட்மிரால்டி ஹவுஸ் என்ற தேசிய நினைவுச்சின்னத்தைச் சுற்றி, நீச்சல் குளம், பலதுறை மருந்தகம், உணவங்காடி நிலையம் எல்லாம். மருந்தகத்தில் எண் கூப்பிடக் காத்திருக்கும் நேரத்தில் கீழே இறங்கி மர நிழலில் ஒரு சுற்று வரலாம். இதைவிட நேரடியான மருந்துச் சீட்டு கிடையாது. யான் கிட் குளம் 2001இல் மூடியது. அந்த இடம் பெரிய ஆரவாரம் இல்லாமல் அக்கம்பக்கத்தாருக்கான விளையாட்டுத் திடலாக மாறியிருக்கிறது. அதற்கு 50 கோடி வெள்ளி தேவைப்படவில்லை. எனக்கு இந்தச் சிறிய உதாரணம்தான் அதிகம் பிடிக்கும், ஏனென்றால் ஒவ்வொரு நகரமும் தெம்பனிஸ் ஆக முடியாது.

பெரிய வளாகங்களின் மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். கட்டடம் பெரிதாகப் பெரிதாக, ஒவ்வொரு சதுர அடிக்கும் ஒரு பெயர், ஒரு மணிநேரக் கட்டணம், ஒரு முன்பதிவுக் கட்டம் வந்துவிடுகிறது. விளையாட்டு வசதிகளுக்கான ஆக்டிவ்எஸ்ஜி திட்டம் 2014இல் வந்ததிலிருந்து முன்பதிவு எளிதாகிவிட்டது உண்மை. மாலை நேரத்துப் பூப்பந்துத் தளத்துக்கு நடக்கும் போட்டியும், பிடித்து வைத்து மறுவிலைக்கு விற்பவர்களின் சாமர்த்தியமும் அதே அளவு உண்மை. செயலி தெரியாத மூத்தவர் வரிசையில் நிற்கும் முன்பே இடம் தீர்ந்துவிடுகிறது.

முன்பதிவு எண்ணிக்கையை மட்டுமே வைத்துப் பயன்பாட்டை அளந்தால் யார் கணக்கில் வரமாட்டார்கள்? இங்கேதான் மீண்டும் ஃபேரர் பார்க்குக்குப் போக வேண்டியிருக்கிறது. வேலி போடுவதற்கு முன் ஒரு ஞாயிறு மாலை அங்கே நின்றிருந்தால் தெரிந்திருக்கும். கப்பல் பட்டறையிலும் கட்டுமானத் தளத்திலும் ஆறு நாள் உழைத்த நம் ஊர்த் தம்பிகள், டேப் சுற்றிய டென்னிஸ் பந்தில் கிரிக்கெட். ஸ்டம்புக்கு ஒரு பை. ஒரு பக்கம் நான்கு பேர் வட்டமாக உட்கார்ந்து ஊருக்குக் காணொளி அழைப்பு. இன்னொரு பக்கம் ஒரு குடும்பம் பிறந்தநாள் கேக் வெட்டும். அவர்கள் யாரும் எந்தச் செயலியிலும் பதியவில்லை. அதிகாரபூர்வப் பதிவேட்டில் அன்று மாலை அந்தத் திடலின் பயன்பாடு சுழியம்.

2013 டிசம்பர் 8ஆம் தேதி ரேஸ் கோர்ஸ் ரோட்டில் நடந்த கலவரத்துக்குப் பிறகு, வெளிநாட்டு ஊழியர்களின் ஓய்வு நேரம் எங்கே கழிய வேண்டும் என்பது கொள்கைப் பொருளாகிவிட்டது. தங்குவிடுதிகளுக்கு அருகே பொழுதுபோக்கு நிலையங்கள் எழுந்தன. அங்கே கிரிக்கெட் திடலும் உண்டு, கடைகளும் உண்டு. வசதியில் குறைவில்லை. ஆனால் மனிதன் ஞாயிற்றுக்கிழமை தேக்காவுக்கு வருவது திடலுக்காக மட்டுமில்லை. கோயில், வாழையிலைச் சாப்பாடு, ஊருக்குப் பணம் அனுப்பும் கடை, பக்கத்து ஊர்க்காரன் முகம், எல்லாம் முடித்துக் கடைசியில் ஒரு மணி நேரம் பந்து. தைப்பூசக் காவடி புறப்படும் பெருமாள் கோயிலிலிருந்து அந்தப் புல்வெளிக்கு நடந்தே போய்விடலாம். அருகாமையின் மதிப்பு என்று மேலே சொன்னேனே, அது குடியிருப்பாளர்களுக்கு மட்டும் உரிய விதியில்லை.

இந்தப் பழக்கத்துக்கு நகரத்தில் ஒரு பழைய வேரும் இருக்கிறது. பாலஸ்டியர் ரோட்டை ஒட்டிய சமவெளியில் இந்தியச் சங்கம், சிலோன் விளையாட்டு மன்றம், கால்சா சங்கம் என்று வரிசையாகத் திடல்கள் வந்தது காலனிய காலத்தில். இந்தியச் சங்கம் 1923இல் தொடங்கியது, சிலோன் மன்றம் 1928இல். உறுப்பினர் கட்டணம் கட்ட முடிந்தவருக்கு மன்றத் திடல். முடியாதவருக்கு ஃபேரர் பார்க். பல இன இளைஞர்கள் ஒரே பந்தைத் துரத்தியது இந்த இரண்டாவது வகைத் திடலில்தான்.

ஃபேரர் பார்க்குக்கு இப்போது என்ன திட்டம்? 2021இல் வீவக அறிவித்தபடி, சுமார் 10 ஹெக்டரில் ஏறத்தாழ 1,600 வீடுகள். நடுவே பொதுமக்களுக்கான திறந்தவெளியும் பல பயன் விளையாட்டு வசதியும். பழைய நீச்சல் குளத்தின் முதன்மைக் கட்டடமும் குத்துச்சண்டைக் கூடமும் இடிபடாமல் புதிய பயனுக்கு வரும். திடலை அப்படியே விட்டுவிடுங்கள் என்று மனுக்கள் போட்டவர்களின் குரலுக்கும் இதில் பங்கு உண்டு. முதல் தொகுதி வீடுகள் 2023இல் பிடிஓ (விண்ணப்பத்துக்கேற்பக் கட்டித்தரும்) விற்பனைக்கு வந்தன.

இதைத் துரோகம் என்று நான் சொல்லமாட்டேன். நகரின் மையத்தில், எம்ஆர்டி வாசலில், இளம் குடும்பங்கள் வாங்கக்கூடிய 1,600 வீடு என்பது சின்ன விஷயமில்லை. வீட்டுக்காகக் காத்திருக்கும் தம்பதியிடம் போய்த் திடலின் வரலாற்றைப் பேசிப் பாருங்கள். அதோடு, மாடியில் மக்கள் குடியிருக்கும் திடல் ஒருபோதும் காலியாவதில்லை. கீழே விளையாடும் பிள்ளையைச் சமையலறை சன்னலிலிருந்து பார்க்கலாம் என்றால் அம்மா தைரியமாக அனுப்புவார். ஆனால் அதே சன்னலிலிருந்துதான் இரவு ஒன்பது மணிக்குப் ‘பந்துச் சத்தம் தாங்கவில்லை’ என்று நகரமன்றத்துக்குத் தொலைபேசியும் போகும். புளோக்கின் கீழ்த்தளங்களில் ‘பந்து விளையாடக்கூடாது’ என்ற பலகைகள் எப்படி வந்தன என்று நமக்குத் தெரியும். வீட்டுக்கும் விளக்குக் கம்பத்துக்கும் இடையே எத்தனை மீட்டர், பந்து வலை எங்கே, விளக்கு எத்தனை மணிக்கு அணையும் என்ற அற்ப விவரங்களில்தான் 1,600 வீடும் ஒரு திடலும் சேர்ந்து வாழ முடியுமா என்பது இருக்கிறது.

கருத்துக் கேட்புக் கூட்டங்களுக்குப் போகிறவர்கள் அழகான வண்ணப் படங்களைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். படத்தில் எப்போதும் வெயில் இதமாக இருக்கும். ஒரு பெண் ஓடுவாள், ஒரு குழந்தை பட்டம் விடும். கேட்க வேண்டியவை படத்தில் இருக்காது. முன்பதிவு இல்லாமல் யார் வேண்டுமானாலும் இறங்கக்கூடிய பரப்பு எவ்வளவு? அது முன்பிருந்ததைவிடக் கூடுமா, குறையுமா? கழிப்பறை எங்கே, எப்போது பூட்டுவார்கள்? இருக்கிற மரங்களில் எவை நிற்கும்? (புதிதாக நட்ட கன்று ஒரு பாட்டிக்கு நிழல் தர ஐந்தாறு ஆண்டு ஆகும், அவருக்கு அவ்வளவு பொறுமை இருக்கலாம், முட்டிக்கு இருக்காது.) பள்ளித் திடல்களை வார இறுதியில் பொதுமக்களுக்குத் திறந்துவிடும் ஏற்பாடு நெடுநாளாக இருக்கிறதே, பக்கத்துப் பள்ளியில் அது உண்டா?

இன்னொரு கேள்வி, பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை: கட்டுகிற ஆண்டுகளில் மக்கள் எங்கே போவார்கள்? தோ பாயோவில் விளையாட்டரங்கம், நீச்சல் குளம், பலதுறை மருந்தகம், நூலகம், நகரப் பூங்கா எல்லாவற்றையும் இணைத்து வரவிருக்கும் வளாகத்துக்கு இலக்கு 2030. வந்தபின் அது தெம்பனிஸையே தூக்கிச் சாப்பிடக்கூடும். ஆனால் நடைப் பழக்கம் என்பது கிடங்கில் வைத்துப் பிறகு எடுத்துக்கொள்ளும் பொருளில்லை. காலை ஆறரைக்குக் குறிப்பிட்ட நாலு பேர், குறிப்பிட்ட ஒரு மூலை, முடிந்ததும் கோப்பிக் கடை என்று பத்து ஆண்டு சேர்த்த பழக்கம் வேலி போட்ட ஒரு மாதத்தில் கலைந்துவிடும். தற்காலிகமாகப் பக்கத்தில் ஒரு துண்டுப் புல், இரண்டு பெஞ்சு, ஒரு தண்ணீர்க் குழாய் ஒதுக்குவதற்குப் பெருந்திட்டம் தேவையில்லை. வேலி போடும் ஒப்பந்தத்திலேயே ஒரு வரி போதும். அந்த வரி இல்லாத இடத்தில், 68 வயதில் நடையை நிறுத்திய ஒருவர், புதுக் கதவு திறக்கும் நாளில் 73 வயதோடு, ஒருவேளை ஒரு கைத்தடியோடு, வாசலில் நின்றுகொண்டிருப்பார்.